கொப்பியை மூடுங்கோ

செவ்வாய், முதல் பாடம்.
யூரா மலைச் சரிவில் மூட்டம் கலையவில்லை.
கதவடியில் இருபத்திரண்டு சோடிச் சப்பாத்தின் ஈரம்.
பீல் நகரத்தில் காலை வணக்கத்துக்கே இரண்டு மொழி;
இரண்டும் முடியுமுன் நான் சொல்வது ஒன்றுதான்:
கொப்பியை மூடுங்கோ.

ஒரு வெற்றுத்தாள். புள்ளி இல்லை, சிவப்பு மை இல்லை.
மூன்று கிழமைக்கு முன் படித்ததை எழுதவேண்டும்:
சிறுநீரகம் எதை வைத்துக்கொள்ளும்,
எதைப் போகவிடும்.
நேற்றையது வேண்டாம்.
நேற்றையது இன்னும் சூடு,
எவரும் எடுத்து நீட்டலாம்.

அர்பெனித்தாவின் கொப்பியைப் போல் ஒன்று
இந்தப் பள்ளிக்கூடத்திலேயே இல்லை.
வரிக்கு வரி மஞ்சள், ஓரத்தில் ஊதா அம்புகள்.
இன்று தலைப்பை எழுதினாள்,
அடிமட்டம் வைத்துக் கோடிட்டாள், நின்றுவிட்டாள்.
"எனக்குத் தெரியும் மதாம். பார்த்தால் தெரியும்."
பார்த்தால் எனக்கும் தெரியும்,
ஏரிக்கரையில் தினமும் சிரித்துப் போகும் நாய்க்காரரை.
பேர் கேட்டால் விழிப்பேன்.

யானிக் எழுதியிருக்கிறான்:
சிறுநீரகம் இரத்தத்தை உண்டாக்குகிறது.
எனக்குச் சந்தோசம்.
கையில் அகப்பட்ட பிழையைத் திருத்தலாம்;
ஒளிந்திருப்பது சோதினையன்றுதான் வெளியே வரும்.

கேள்வி கேட்டபின் ஏழு வரை எண்ணுவேன்,
மனதுக்குள், தமிழில்.
இரண்டில் லெயோனியின் கை. நான் பார்ப்பதில்லை.
நாலில் கதிரைகள் நெளியும்.
ஆறில், பின்வரிசையில், தெஸ்பாய்
பிரெஞ்சில் தொடங்கி ஜெர்மனில் இடறி
சரியான இடத்துக்கு வந்து சேருவான்.
சொல் எந்த வாசலால் வந்தது என்று
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

யானிக்கின் தகப்பன் மின்னஞ்சல் போட்டார்:
மறந்ததைக் கேட்டு ஏன் பிள்ளையை வருத்துகிறீர்கள்?
மூன்று தரம் எழுதி அழித்து
நாலாவதை அனுப்பினேன்:
மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் கேட்கிறேன், ஐயா.

பிறகு மார்ச் வந்தது. எனது குடியுரிமை நேர்காணல்.
பதினேழு வருசத்து வதிவிட அட்டை கைப்பையில்.
கையேட்டைப் பதினொரு தரம் வாசித்திருந்தேன்,
மஞ்சள் பேனாவோடு,
கடைசி இரவு மூன்று மணி வரைக்கும்.
என் வகுப்பில் நான் வேண்டாம் என்ற அத்தனையையும்
ஒன்று விடாமல் செய்திருந்தேன்.

அதிகாரி கேட்டார்:
பேர்ண் மாநிலப் பாராளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர்?
பக்கம் வந்தது.
இடப்பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி,
மஞ்சள் கசிந்து அடுத்த தாளிலும் ஊறிய இடம்,
பக்கத்தில் கோப்பிக் கறை.
எண் மட்டும் வரவில்லை.
அவர் காத்திருந்தார். நானும் எண்ணிப் பார்த்தேன்:
மூன்று.
பிறகு தாளைத் திருப்பிவிட்டார்.

வகுப்பில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.
லெயோனி முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும்.
அர்பெனித்தா சிரிக்கவில்லை.
"மஞ்சளா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழன், படிக்கட்டில் தெஸ்பாய்:
மதாம், எத்தனை பேர்?
நூற்றி... தடுமாறினேன். அவனே சொன்னான்.
ஐந்து நாளாய் ஒன்றும் கேட்கவில்லை.
விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.
தீயணைப்பு ஒத்திகையன்று,
முற்றத்தில் எல்லோரும் மேலங்கியில்லாமல் நடுங்கி நிற்க,
வரிசையைக் கலைத்து வந்து நின்றான்.
எத்தனை பேர்?
மெல்ல, எங்கோ அடியிலிருந்து,
வாளி ஏறுவதுபோல் ஏறி வந்தது.
நூற்றறுபது.
பாராட்டவில்லை. தலையாட்டிவிட்டுப் போனான்.
அவனும் எண்ணியிருப்பான், திக்ரிஞா மொழியில்.

மே மாதம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
இப்போது பத்து மணிக்குக் கையேட்டை மூடிவிடுகிறேன்.
மிச்ச வேலை நித்திரைக்கு.

இன்றைய தாள்களில் அர்பெனித்தாவுடையது:
கோணலாய் ஒரு சிறுநீரகம், பென்சிலில்.
நாலு சொல். ஒன்று பிழை.
அடிமட்டக் கோடு இல்லை.
திருப்பிக் கொடுத்தேன்.
அவள் அதைக் கொப்பிக்குள் வைக்கவில்லை;
எட்டாய் மடித்து
ஜீன்ஸ் பைக்குள் திணித்துக்கொண்டு
மணியடிக்க முன்னமே எழும்பிவிட்டாள்.